‘ஈற்றுப்படி நொதிதேர் தடுப்பி’: ஒரு பரிந்துரை

உடலில் கொலஸ்டிரால் உருவாகும் வழியின் கடைசிப் படிகளில், ஒரு நொதியை (என்சைமை) நாடித் தடுக்கும் மருந்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது கேள்வி. ‘கடைநிலைக் கொழுப்புத் தடுப்பி’ என்று ஐயா ஒருவர் முன்வைத்தது சுருக்கமாக இருக்கிறது. ஆனால் கடைநிலை என்றதும் கடைநிலை ஊழியர்தான் நினைவுக்கு வருவார். தரம் குறைந்த தடுப்பி என்று மாணவர் எடுத்துக்கொள்வார். கொழுப்பு என்பதோ நெய்யிலும் எண்ணெயிலும் இருப்பது. கொலஸ்டிராலைக் கொலஸ்டிரால் என்றே விட்டுவிடுவோம்.

எந்தப் படியில் மறிக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்தாக வேண்டும். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் அந்த வழியின் தொடக்கத்தில், மெவலோனேட் என்ற இடைப்பொருள் உருவாகும் முன்பே மறிக்கின்றன. அங்கே தேங்குவது நீரில் கரையும் சிறு மூலக்கூறு. உடல் அதை வேறு வழியில் செலவழித்துவிடும். வழியின் பிற்பகுதியில், லேனோஸ்டிரால் என்ற இடைப்பொருளைத் தாண்டி மறித்தால் தேங்குவதே ஒரு ஸ்டிரால், அதாவது கொலஸ்டிராலின் இனத்து மூலக்கூறு. அது கொலஸ்டிராலின் இடத்தில் போய்ச் செல்சவ்வில் உட்கார்ந்துகொள்ளும். 1960இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரைபாரனால் என்ற கொலஸ்டிரால் மருந்து, டெஸ்மோஸ்டிரால் என்ற ஸ்டிராலைக் கொலஸ்டிராலாக மாற்றும் டிஎச்சிஆர்24 நொதியைத் தடுத்தது. இரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கியது, டெஸ்மோஸ்டிரால் ஏறியது. இரண்டுக்கும் வித்தியாசம் 24ஆம் கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அவ்வளவுதான். கண்புரை, முடி உதிர்தல், தோல் செதில்செதிலாதல் என்று நோயாளிகள் அவதிப்பட்ட பிறகு 1962இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். விலங்குச் சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டித்தான் அதை விற்றிருந்தார்கள் என்பது தனிக் கொடுமை.

‘இறுதிப்படி’ போதாதா என்று கேட்கலாம். ஈறு என்றால் ‘ஈற்றயல்’ (கடைசிக்கு முந்தியது) கூடவே கிடைக்கிறது, அது இங்கே தேவை. கொலஸ்டிரால் உருவாகும் வழியின் பிற்பகுதி இரண்டாகப் பிரிகிறது. பிளாக் வழியில் டிஎச்சிஆர்24 ஈற்றில் வரும், டிஎச்சிஆர்7 என்ற இன்னொரு நொதி ஈற்றயலில். காண்டட்ச்-ரசல் வழியில் டிஎச்சிஆர்7தான் ஈறு.

அப்புறம், தேர்ந்து தடுப்பது. ‘தேர்வுத் தடுப்பி’ என்றால் பரீட்சை நினைவு வரும். ‘ஒருநொதித் தடுப்பி’ தெளிவான சொல், ஆனால் உண்மையைவிட ஒரு படி அதிகம் சொல்கிறது. ஏஒய்-9944 என்ற தடுப்பி குறைந்த அளவில் டிஎச்சிஆர்7ஐத் தடுக்கும். அளவு கூடினால் அதற்கு இரண்டு படி முன்னால் இருக்கும் ஐசோமரேஸ் என்ற நொதியையும் பிடிக்கும். அதனால் ‘நொதிதேர் தடுப்பி’ என்கிறேன். இரைதேர் பறவை என்பதைப் போன்ற அமைப்பு. நாடுவதைச் சொல்கிறது, மற்றதைத் தொடவே தொடாது என்று சத்தியம் செய்யவில்லை.

‘டிரைபாரனால் ஓர் ஈற்றுப்படி நொதிதேர் தடுப்பி.’ வாக்கியத்தில் வைத்தால் தடங்கலின்றி ஓடுகிறது. ‘தடுப்பி’க்குப் பதில் ‘ஒடுக்கி’ வேண்டும் என்பவர்கள் இதே வாக்கியத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.