ஊட்டிச் சதுப்பு சொல்வது எந்த மழை?

குன்னூர்க்காரன்:
"ஊட்டிச் சதுப்பில் புதைந்த புல்லை வைத்து 20,000 ஆண்டுப் பருவமழையைப் படித்துவிட்டார்கள்" என்று புல்வெளி நேற்று எழுதியதிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. எந்த மழை ஐயா? காரா, கூதிரா? நீலகிரிக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மக்கிய புல்லில் மாதம் எழுதியிருக்கிறதா?

புல்வெளி:
நேச்சர் இதழில் 1993-இல் சுகுமார், ரமேஷ் குழுவினர் எழுதிய கட்டுரை. படித்துவிட்டு எரிச்சல்படலாம். காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் விதத்தில் புல் இரண்டு வகை, சி3, சி4 என்று. ஈரமும் குளிரும் இருந்தால் சி3 புல் தழைக்கும், வறண்டால் சி4 புல்லின் கை ஓங்கும். கனமான கார்பனான கார்பன்-13 கணக்கில் (ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, குறைய என்று) முன்னது மைனஸ் 27 வாக்கில், பின்னது மைனஸ் 12 வாக்கில் நிற்கும். மக்கி, பீட் என்னும் சதுப்புக் கரிமண் ஆன பிறகும் அந்த வித்தியாசம் போகாது. அடுக்கடுக்காக அளந்துதான் சொன்னார்கள்: பனியுக உச்சத்தில் வறட்சி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல ஈரம்.

குன்னூர்க்காரன்:
ஈரம், சரி. நான் கேட்டது எந்த மழை. காரா, கூதிரா?

பழையசோறு:
கார் என்றால் ஆவணி, புரட்டாசி. உங்கள் ஆடி மழை முதுவேனிலில் அல்லவா வரும்? கேள்வியே தப்பு.

குன்னூர்க்காரன்:
பஞ்சாங்கம் பார்க்க வேறு ஆளைத் தேடுங்கள். தென்மேற்கா, வடகிழக்கா? இப்போது புரிகிறதா?

கரிச்சான்:
மழையே இல்லாமலும் புல் மாறும். பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 190 பங்கு வாக்கில்தான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. அது குறைந்தாலே சி4-க்குக் கொண்டாட்டம். புல்வெளி இதைச் சொல்லவே மாட்டார்.

புல்வெளி:
சொல்கிறேன். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அதே சதுப்பு மறுபடி வறட்சி காட்டுகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு அப்படி ஒன்றும் சரியவில்லையே, அதற்கென்ன பதில்?

கரிச்சான்:
நான் பேசியது பனியுகத்தை. நழுவாதீர்கள்.

தொட்டபெட்டா:
முதலில் சதுப்பு எங்கே மிச்சம் இருக்கிறது? சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டுப் புல்வெளியை எல்லாம் மூடியாயிற்று. என் தாத்தா காலத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும்.

குன்னூர்க்காரன்:
ஊட்டிக்காரர்களுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் தாத்தா கதை வந்துவிடும். மேற்குச் சரிவுக்கு ஆனி, ஆடி மழை. எங்கள் பக்கம் கொட்டுவது ஐப்பசியில். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் வாங்கிக்கொள்கிற ஊட்டியில் ஒரு கரண்டி சேற்றை அள்ளி "பருவமழை" என்றால் எப்படி?

தொட்டபெட்டா:
கரண்டி சேறா? போன வருடம் உறைபனி பற்றிப் பேசியபோதும் "ஊட்டியில் மட்டும்தான் குளிரா" என்று இப்படித்தான் குதித்தீர்கள்.

மரவட்டை:
மாதம் வேண்டுமென்றால் மரத்தைப் பாருங்கள். கனடாவின் பேங்க்ஸ் தீவில் ஐந்து கோடி ஆண்டு பழைய மரம், கல்லாகாமல் மரமாகவே கிடைத்தது. ஒரு வருட வளர்ச்சியான ஒரே வளையத்தை மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றிலும் கார்பன்-13 அளந்தார்கள். குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் மழை அதிகம் என்று தெரிந்தது. சதுப்பில் ஒரு சென்டிமீட்டர்த் துண்டிலேயே பல பத்தாண்டுப் புல் கலந்து கிடக்கும்.

குன்னூர்க்காரன்:
பார்த்தீர்களா! மரவட்டையே என் பக்கம்.

மரவட்டை:
உங்கள் பக்கம் என்று எங்கே சொன்னேன்? சதுப்பு சொல்கிற வறட்சி வறட்சிதான். அதற்கு மாதம் எதற்கு?

புல்வெளி:
அதைத்தான் மூன்று நாளாகச் சொல்கிறேன். பருவமழை வலுத்ததா, தளர்ந்ததா என்பதுதான் பேச்சு.

குன்னூர்க்காரன்:
மூன்று நாளா? நேற்றுதானே எழுதினீர்கள். தேதியே இப்படி இருக்கிறது, இவர் 20,000 ஆண்டுக் கணக்கு சொல்ல வந்துவிட்டார்.

தொட்டபெட்டா:
சீகை மரத்துக்கு யாராவது பதில் சொல்வீர்களா?

குன்னூர்க்காரன்:
வரிசையில் நில்லுங்கள். நான் முதலில் கேட்டேன். தென்மேற்கா, வடகிழக்கா?