பிரஸ் மெஷின் தானாக இரண்டாவது அடி அடிக்கிறது, நிறுத்த வைக்க வழி?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஜேக்கப்ஸ் பக்கம் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருக்கிறேன். இங்கே பழைய 60 டன் மெக்கானிக்கல் பவர் பிரஸ் ஒன்று, கீ கிளட்ச் வகை (இறங்க ஆரம்பித்தால் முழுச் சுற்று முடியாமல் நடுவில் நிற்காது). தைப்பூசக் காவடி முடிந்த வாரத்திலிருந்து, பெடலை ஒரு தடவை மிதித்தால் சில நேரம் இரண்டு தடவை இறங்குகிறது. அடித்த தகடை எடுக்க ஆப்பரேட்டர் கையை உள்ளே விடும் நேரம் அது. கை உள்ளே போகாமல் தடுக்கும் முன்பக்கக் கார்டையும் கழற்றிவிட்டார்கள், வேலை வேகமாக நடக்க வேண்டுமாம்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஓரிரு ஷிஃப்ட் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். ஆய்வு அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், அதோடு சரி. போன வாரம் 'பாதுகாப்பே முதல்' என்று புது போர்டு மாட்டினார்கள். கழற்றிய கார்டு அதற்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

1993ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இன்ஸ்பெக்டர் மெஷினையே நிறுத்தலாம், தகவல் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஆப்பரேட்டர் கான்ட்ராக்ட் ஆள். சட்டம் பேசி முடிப்பதற்குள் அவர் வேலை போய்விடும்.

தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரை வரவழைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: ஆப்பரேட்டர் பெயர் இல்லாமல், என் அறிக்கையை மட்டும் வைத்துப் புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?