பத்து இலக்கப் புதிர்: 3816547290 மட்டும்தானா?

சத்துவாச்சாரி டீச்சர்:
வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 0 முதல் 9 வரை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன் (6, 9 குழம்பாமல் இருக்க அடியில் கோடு). பத்தையும் வரிசையாக அடுக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் 2-ஆல் வகுபட வேண்டும், முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல், இப்படியே பத்து வரைக்கும். விடை 3816547290 என்று தெரியும், வகுத்தும் காட்டிவிட்டேன். எட்டாவது படிக்கும் ஒருத்தி மட்டும் விடுவதாக இல்லை: "வேற நம்பரே இல்லைன்னு எப்படி மிஸ் சொல்றீங்க?" மொத்தம் 36,28,800 விதமாக அடுக்கலாமே, அத்தனையையும் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

காட்பாடி பாசஞ்சர்:
பார்க்க செல்போன் நம்பர் மாதிரியே இருக்கு. 3-ல ஆரம்பிக்கிறதால சிம்தான் கிடைக்காது டீச்சர்.

வாலாஜா பென்ஷனர்:
டீச்சரம்மா, பாங்க் கவுண்டரில் காலம் தள்ளியவன் நான். இதை ஒரு பக்கத் தாளில் முடித்துவிடலாம்.

பத்தாவது இடம் 0, ஐந்தாவது 5. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது இடங்களில் இரட்டைப்படைதான் உட்காரும், மிச்சமெல்லாம் ஒற்றைப்படை. இதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ருசியே இனிமேல்தான். மூன்றாவது ஒற்றைப்படை என்பதால், 4-ஆல் வகுபட நான்காவது இடத்தில் 2 அல்லது 6தான் வர முடியும் (12, 36, 72 என்று போட்டுப் பாருங்கள்). எட்டாவது இடத்துக்கும் அதே கதை. ஆக 4-ம் 8-ம் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்குத்தான் போயாக வேண்டும். முதல் மூன்றின் கூட்டுத்தொகையும் முதல் ஆறின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபடுவதால் நடு மூன்றும் வகுபடும். அது 258 அல்லது 654, வேறு கிடையாது.

முதல் மூன்று 3-ஆலும் முதல் எட்டு 8-ஆலும் வகுபட வேண்டும் என்பதால், 258 வைத்தால் முதல் ஏழு இலக்கம் 1472589, 7412589 இரண்டே. 654 வைத்தால் 189, 981, 789, 987-க்குப் பின்னால் 6543. 183, 381, 189, 981-க்குப் பின்னால் 6547. மொத்தம் பத்து. 7-ஆல் வகுத்தால் 3816547 மட்டுமே மீதியில்லாமல் போகும், ஈவு 545221. குறுக்குவழி சொல்லித்தராதீர்கள், பத்தையும் நீள்வகுத்தலே போடட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கைக்கே வருவதில்லை.

சத்துவாச்சாரி டீச்சர்:
அருமை சார். 9-ஐ விட்டுவிட்டீர்களே?

வாலாஜா பென்ஷனர்:
1 முதல் 9 வரை கூட்டினால் 45. எப்படி அடுக்கினாலும் 9-ஆல் வகுபடும். அது தூங்கிக்கொண்டே பாஸ்.

காட்பாடி பாசஞ்சர்:
ஒரே இலக்கம் திரும்ப வரலாம்னா எவ்வளவு தூரம் போகும் சார்?

வாலாஜா பென்ஷனர்:
25 இலக்கம் வரை போகும் தம்பி: 3608528850368400786036725. அதற்குப் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் 26-ஆல் வகுபடாது. கையால் சோதிப்பதென்றால் 17, 19, 23 வரும் இடங்களில்தான் பெண்டு நிமிரும்.