புதுப்பிப்பு: ரெடிமேட் டெஸ்க்டாப்பில் சூடு – எங்கே அடைப்பு என்று தெரிந்தது

முன்பு கேட்டது: மூடிய முன் பேனல், பின்னால் ஒரே ஒரு ஃபேன். கேம் ஓட்டினால் பிராசசர் கொதித்து வேகம் இறங்குகிறது, கூலரை (பிராசசர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் பாகம்) மாற்றலாமா?

வேண்டாம். பக்க மூடியைக் கழற்றி அதே கேமை 20 நிமிடம் ஓட்டியதில் சூடு நன்றாகக் குறைந்தது. ஆக, குறை காற்று வரத்தில்தான். திறந்து வைத்தும் குறையாவிட்டால்தான் பேஸ்ட்டையும் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை) கூலரையும் சந்தேகிக்க வேண்டும்.

முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் இரண்டு, காற்றை உள்ளே இழுக்கும்படி. மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். அது கேஸின் உள்நோக்கி இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மதர்போர்டில் ஃபேன் செருக காலியாக ஒரே ஹெடர் (ஊசிகள் உள்ள செருகுமிடம்), அதனால் ஸ்ப்ளிட்டர், அதாவது ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிள். ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஃபேன் லேபிள்களில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளையில், ஃபேனின் வேகத்தைப் போர்டுக்குச் சொல்லும் ஊசி இருக்காது. பழுதல்ல: இரண்டு ஃபேனும் வேகத்தைச் சொன்னால் போர்டு குழம்பும்.

பழைய பின் ஃபேனைக் கழற்றவில்லை. சில ரெடிமேட் போர்டுகள் அது இல்லையென்றால் பூட் ஆகும்போதே பிழை காட்டி நின்றுவிடும்; இணைப்பியும் தனி வடிவமாக இருக்கலாம்.

முன் பேனல் மூடியே இருந்தால் புது ஃபேன் சத்தம்தான் போடும். பேனலில் துளையிடுவதா, கழற்றிவிட்டு வலை மாட்டுவதா? வலைதான் நல்லது: தூசியையும் தடுக்கும், பிடிக்காவிட்டால் பழையபடி மாட்டலாம்.