கடை திறப்பு விழாவுக்கு சும்மா வாசிக்க கூப்பிடுறாங்க, போலாமா?

கீபோர்டுகாரன்:
மதுரைல 7 பேர் சேந்து ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்கோம், ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஒரு நகைக்கடை திறப்பு விழாவுக்கு 3 மணி நேரம் வாசிக்கணுமாம், பேமெண்ட் கேட்டா "தம்பி உங்களுக்கு நல்ல விளம்பரம், பேனர்ல பேரு வரும், இன்ஸ்டாவுல வீடியோ போடுவோம்"ங்கிறாரு மேனேஜரு. சவுண்டு செட்டும் நாங்களே கொண்டு வரணுமாம். குரூப்ல பாதி பேரு போலாம்ங்கிறான், பாதி பேரு வேணாம்ங்கிறான். என்ன பண்ண?

பழைய_டிரம்மர்:
நானும் ஒருதடவை இப்படி வாசிச்சேன்ப்பா. அத பாத்து 4 போன் வந்துச்சு, பொய் சொல்லல, நாலு பேருமே "அங்க சும்மா பண்ணீங்களாமே, நமக்கும் பாத்து செய்ங்க"ன்னுதான் கேட்டான்.

மதிய_ஸ்லாட்:
நான் மிருதங்கம். சென்னை டிசம்பர் சீசன்ல மதியக் கச்சேரி வாசிக்கிற பசங்கள கேளுங்க. டிக்கெட் கிடையாது, கேன்டீன்ல இருக்குற கூட்டத்துல பாதி கூட ஹால்ல இருக்காது, கவர்ல வர்றது ஆட்டோவுக்கே சரியாப் போயிரும், சில இடத்துல கவரே கிடையாது. ஆனாலும் போறோம், ஏன்னா வேற சபா ஆளுங்க, பத்திரிகைல எழுதுறவங்கன்னு யாராவது ஒருத்தர் வந்து உக்காருவாங்க, அடுத்த வருஷம் சாயங்கால ஸ்லாட்டுக்கு அதான் வழி. நகைக்கடைக்கு வர்றவங்க செய்கூலி எவ்வளவு சேதாரம் எவ்வளவுன்னு பாப்பாங்களா, உங்க கீபோர்ட கேப்பாங்களா?

தூரத்து_ரசிகன்:
அமெரிக்காவுல சூப்பர் பவுல்னு அவங்க ஊரு ஃபுட்பால் ஃபைனல், அது இடைவேளைல பாடுற பெரிய ஸ்டாருங்களுக்கே அத நடத்துற என்எஃப்எல் தனியா சம்பளம்னு தர்றதில்ல. பாக்குறவங்க 10 கோடிக்கு மேல, பாடி முடிச்ச கையோட அவங்க பழைய பாட்டெல்லாம் திரும்ப ஓட ஆரம்பிச்சிரும். அதுலயும் மேடை, லைட்டு, சவுண்டு செலவெல்லாம் என்எஃப்எல்லோடது. இங்க சவுண்டு செட்டே உங்க தலைல.

பழைய_டிரம்மர்:
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், கடை விழாவுல சினிமாப் பாட்டு வாசிச்சா ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதுனவங்க, இசையமைச்சவங்களுக்காக காசு வசூலிக்கிற சங்கம்) லைசன்ஸ் எடுக்கணும், அந்தக் காசு யாரு கட்டுறதுன்னு முன்னாடியே பேசிக்க. பாட்டுக்கும் காசு உண்டு, பாடுறவனுக்கு மட்டும் பேனரு.

கோயில்_கச்சேரி:
எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்கப்பா. எங்க ஊரு திருவிழாவுல ஒரு வருஷம் காசு வாங்காமதான் பாடுனோம், முன் வரிசைல உக்காந்திருந்தது பூரா சுத்துப்பட்டு ஊரு கமிட்டிக்காரங்க, அந்தப் பங்குனியிலயே 3 ஊருக்கு அட்வான்ஸ் வாங்குனோம்.

கீபோர்டுகாரன்:
நன்றிண்ணே எல்லாருக்கும். இப்பதான் போன் போட்டேன், சவுண்டு செட்டு வாடகை, வண்டி, ஆளுக்கு 1500, லைசன்ஸ் உங்க செலவுன்னு சொல்லிட்டேன். பேனர்ல பேரு கூட வேணாம்னேன். ஓனர்கிட்ட கேட்டுட்டு கூப்பிடுறேன்னாரு, இன்னும் கூப்பிடல.