கதவைச் சாத்தினால் புழுங்கும் படுக்கையறை: உங்கள் வீட்டில் எப்படி?

ஹூஸ்டனிலிருந்து:
எங்களுடையது பழைய வீடு. ஏசி எல்லா அறைக்கும் குளிர்காற்றைத் தள்ளுகிறது; திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில் மட்டும் நடைவழியில் ஒன்றே ஒன்று. இரவில் பெரிய படுக்கையறைக் கதவைச் சாத்தினால் விடிவதற்குள் புழுங்கிவிடும். முதலில் வந்தவர் பெரிய ஏசி போடச் சொன்னார் (வேறென்ன சொல்வார்!). அடுத்து வந்தவர் காற்றழுத்தம் அளக்கும் மானோமீட்டரின் மெல்லிய குழாயைக் கதவடியில் நுழைத்து அளந்தார். கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே 9 பாஸ்கல் அழுத்தம் கூடுதல். 3-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லதாம்.

அறைக்குள் வந்த காற்று வெளியேற வழியில்லை, அதனால் புதுக் காற்றும் சரியாக வருவதில்லை. நடைவழியில் ரிட்டர்ன் சும்மா இருக்குமா? கிடைக்காத காற்றுக்குப் பதிலாக, கூரை விளக்குகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே மேலே இருக்கும் அட்டிக்கின் (அறைக் கூரைக்கும் வீட்டின் மேல்கூரைக்கும் நடுவிலுள்ள இடம்) வெக்கையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. கரண்ட் பில்லும் ஏறுகிறது.

கதவடியை அறுத்துவிடலாமா என்று கேட்டேன். 30 அங்குலக் கதவில் ஒரு அங்குலம் விட்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 60 கன அடிதான் போகும், இந்த அறைக்கு வருவது அதைப்போல மூன்று மடங்கு என்றார். கடைசியில் அறைக் கூரையிலிருந்து அட்டிக் வழியாக நடைவழிக் கூரைக்கு ஒரு வளைகுழாய், இரு முனையிலும் கிரில். மறுபடி அளந்தால் 2 பாஸ்கல். ஏசி அதேதான்.

டாம்பாவிலிருந்து:
ஃபுளோரிடாவில் கட்டட விதியே இதற்கு 2.5 பாஸ்கல் வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கட்டும்போதே கதவுக்கு மேல் சுவரில் கிரில் வைத்துவிட்டார்கள். குளிர்ச்சிக்குக் குறையில்லை, ரகசியத்துக்குத்தான் குறை. மாமியார் வந்திருந்தபோது நாங்கள் அறைக்குள் பேசியதற்கு ஹாலிலிருந்து பதில் சொன்னார். வளைகுழாயில் சத்தம் இவ்வளவு கசியாது என்று நினைக்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து:
எங்களுக்குப் பிரச்சினை அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட். தாளிக்கும் நெடி போகட்டும் என்று பலமானதாக வாங்கினோம். அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, கேஸ் வாட்டர் ஹீட்டர் எரியும்போது அதன் புகைக்குழாய் அடியில் ஊதுவத்தியைக் காட்டினேன். ஹூட் வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பியது. கார்பன் மோனாக்சைடு விஷயம், விளையாட்டில்லை. உடனே அலாரம் வாங்கி மாட்டினோம். புகை வீட்டுக்குள் திரும்ப வழியில்லாதபடி குழாய் முழுக்க மூடியிருக்கும் ஹீட்டருக்குச் சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை ஹூட் குறைந்த வேகத்தில், சமையலறை ஜன்னல் நன்றாகத் திறந்து. டிசம்பர் குளிரில் கணவர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.