சாப்பாட்டுக்காகவே தங்கிய இத்தாலிய ஹோட்டல்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வணக்கம். நம் பேச்சில் ஹோட்டல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். அறை அப்புறம்தான். இத்தாலியிலும் அப்படி ஒரு ஹோட்டலில் நானும் கணவரும் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். சொரெண்டோவுக்கு மேலே மலையில் இருக்கும் ‘டான் அல்போன்சோ 1890’. வீடு திரும்பிய பிறகும் அந்தச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஊரின் பெயர் சாந்த் அகாத்தா சுயி துவே கோல்ஃபி. ‘இரண்டு வளைகுடாக்களின் மேல் இருக்கும் புனித அகாத்தா’ என்று பொருள். பெயருக்கேற்ற ஊர்தான். ஒரு பக்கம் நேப்பிள்ஸ் வளைகுடா, மறுபக்கம் சலேர்னோ வளைகுடா, நடுவில் மலைமுதுகில் கிராமம். நேப்பிள்ஸின் கரிபால்டி நிலையத்தில் சர்க்கும்வெசுவியானா ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகிறது சொரெண்டோ வர. வழியில் பொம்பெயி நிறுத்தமும் வரும். சொரெண்டோ ரயில் நிலையத்தின் வாசலிலேயே மலைக்குப் போகும் பேருந்து நிற்கும்.

அந்தப் பேருந்துப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சைத் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும். செஸ்நட் மரக் கழிகளை நட்டு, மேலே பந்தல் போட்டு, அதன் கீழே மரங்களை வளர்க்கிறார்கள். முன்பெல்லாம் வைக்கோல் பாய்களை விரித்து மூடுவார்களாம், இப்போது பெரும்பாலும் வலைதான். குளிரும் கடல் காற்றும் காயைத் தாக்காமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடு. நாங்கள் போனது மே மாதக் கடைசி. மரங்களில் காய் நிறைந்திருந்தது. நம் எலுமிச்சையைப் போல உருண்டை இல்லை. நீண்ட முட்டை வடிவம், தடித்த தோல். தோலில்தான் வாசனையெல்லாம்.

இந்த வீட்டின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. யாக்கரீனோ குடும்பத்தின் மூதாதை ஒருவர் அமெரிக்கா போய்த் திரும்பி வந்து, 1890இல் இங்கே ஒரு தங்கும் விடுதி தொடங்கினார். பெயரில் இருக்கும் ஆண்டு அதுதான். அவருடைய பேரன் அல்போன்சோவும் மனைவி லிவியாவும் 1973இல் உணவகத்தை ஆரம்பித்தார்கள். உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலின் வழிகாட்டியில் மூன்று நட்சத்திரம்தான் உச்சம்; தெற்கு இத்தாலியிலேயே முதன்முதலாக அதை வாங்கிய உணவகம் இது. பிற்பாடு அந்த எண்ணிக்கை குறைந்தது. அதை வைத்து இந்த இடத்தை எடை போட எனக்கு மனம் வரவில்லை. இப்போது மகன் எர்னெஸ்தோ சமையலைப் பார்த்துக்கொள்கிறார், இன்னொரு மகன் மாரியோ விருந்தினர்களை. நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம், ஒரே ஊர்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. சொரெண்டோ தீபகற்பத்தின் நுனியில், புந்தா கம்பனெல்லாவில், காப்ரி தீவுக்கு நேர் எதிரே இவர்களுக்கு ‘லே பெராச்சோலே’ என்ற பண்ணை இருக்கிறது. தக்காளி, எலுமிச்சை, ஆலிவ், காய்கறி, மூலிகை எல்லாம் ரசாயன உரம் இல்லாமல் அங்கே விளைந்து சமையலறைக்கு வருகின்றன. சரிவில் படிக்கட்டு போல் வெட்டிய நிலம், கீழே நீலக்கடல். வண்டி போகும் சமவெளி இல்லை, கையால்தான் வேலை. தக்காளியின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது அங்கே போனால் கேட்காமலேயே விளங்கும்.

அன்று இரவு சாப்பாடு எட்டரைக்கு. முதலில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும். எண்ணெயை வாயில் விட்டதும் பச்சைப் புல் வாசனை, அப்புறம் தொண்டையில் மிளகு போல ஒரு காரம். நல்ல புது எண்ணெய்க்கு அந்தக் காரம் இருக்க வேண்டும் என்று பரிமாறியவர் சொன்னார். இந்த வீட்டின் பெயர் பெற்ற உணவு ஒன்று உண்டு: ரிகத்தோனி பாஸ்தாக் குழல்களை நிமிர்த்தி அடுக்கி வெசுவியஸ் எரிமலை மாதிரி ஆக்கியிருப்பார்கள். பார்வைக்கு விளையாட்டு மாதிரி இருந்தாலும் வாயில் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. பாஸ்தா இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கிராஞானோ ஊர்ச் சரக்கு. வெண்கல அச்சில் பிழிவதால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். குழம்பு வழுக்கி ஓடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் லேசாகக் கடிபடும் பதம். குழைய வேகவைத்துப் பழகிய நமக்கு முதல் வாயில் ‘வேகவில்லையோ’ என்று தோன்றலாம். மூன்றாவது வாயில் அதுதான் சரியான பதம் என்று புரிந்துவிடும்.

என் கணவர் சைவம். முன்பதிவின்போதே எழுதிச் சொல்லியிருந்தோம். அவருக்கு இலைகள், பூசணிப்பூ, தக்காளி, கத்தரிக்காய் என்று தனி வரிசையே வந்தது. ஒப்புக்குக் கொடுத்த சாலட் எதுவும் அதில் இல்லை. ஒரு தக்காளியை இவ்வளவு மதித்து யாரும் எனக்குப் பரிமாறியதில்லை என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐரோப்பாவில் பத்து நாள் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகச் சமாளித்துக்கொண்டு வந்தவர். கடைசியில் வந்த எலுமிச்சை இனிப்பு, ஒரே பழத்தைப் பல விதமாகச் செய்து ஒரே தட்டில் வைத்தது. பேருந்திலிருந்து பார்த்த பந்தல்தான் ஞாபகம் வந்தது.

சாப்பிட்டு முடிக்க பதினொன்றரை ஆகிவிட்டது. தங்குவதன் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் மலைச்சாலையில் வண்டி ஓட்ட வேண்டியதில்லை, பேருந்து போய்விடுமோ என்று கடைசி வாயை அவசரமாக விழுங்க வேண்டியதில்லை. தோட்டத்தைத் தாண்டினால் அறை. சாப்பிட மட்டும் வந்த பக்கத்து மேசைக்காரர்கள் பத்தரைக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பாதாள அறையையும் கேட்டுப் பாருங்கள். எரிமலைப் பாறையைக் குடைந்த சுரங்கம், ரோமானியர்களுக்கு முந்தைய காலத்தது என்கிறார்கள். சுமார் 25 மீட்டர் ஆழத்துக்குப் படி இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஒயின் போத்தல்கள். அடியில் பாலாடைக்கட்டிகளைப் பதப்படுத்துகிறார்கள். இறங்க இறங்கக் குளிர் ஏறும், மேலே என்ன வெயிலாக இருந்தாலும் சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், படிகள் செங்குத்து.

அறை சுத்தம், அமைதி. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஸ்ஃபோல்யத்தெல்லா சாப்பிடுங்கள். ஏடு ஏடாகப் பிரியும் மொறுமொறு மேலோடு, உள்ளே ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டி. அமால்ஃபி கடற்கரையில் ஒரு கன்னியர் மடத்தில் பிறந்த பலகாரம் அது. சாப்பிட்டுவிட்டு ‘இல் தெசெர்த்தோ’ மடம் இருக்கும் குன்றுக்கு நடந்து போனோம். அங்கிருந்து இரண்டு வளைகுடாக்களும் ஒரே பார்வையில் தெரியும். கிராமத்துக் கோயிலின் பலிபீடத்தையும் பாருங்கள். பல நிறப் பளிங்கும் முத்துச்சிப்பியும் பதித்த வேலைப்பாடு.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தேதி பார்த்துப் போங்கள்.

* * *

அக்கா, படித்து முடித்ததும் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் கடல் பக்கம், நாங்கள் மலைப் பக்கம். அப்ரூட்சோ மாகாணத்தில் காஸ்தெல் தி சாங்க்ரோ ஊருக்கு வெளியே ‘காசாதோன்னா’ என்ற 16ஆம் நூற்றாண்டு மடாலயத்தில் தங்கினோம். அதற்குள்தான் ‘ரெயாலே’ உணவகம் இருக்கிறது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அறைகள். ரோமில் கார் எடுத்துக்கொண்டு போனோம், கடைசி ஒரு மணி நேரம் முழுக்க மலை.

சமையல்காரர் நிக்கோ ரொமிதோ பெரிய சமையல் பள்ளி எதிலும் படித்து வந்தவர் இல்லை. ரோமில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதும் ரிவிசொந்தோலி ஊரில் இருந்த குடும்பக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தார்.  உடன்பிறந்த சகோதரி கிறிஸ்தியானாவும் அவரும் சேர்ந்துதான் கட்டியெழுப்பினார்கள். 2011இல் இந்த மடாலயத்துக்கு மாறினார்கள். 2013 நவம்பரில் மூன்றாவது மிஷலின் நட்சத்திரம்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கிண்ணத்தைப் பற்றி. பெயர் ‘அசொலூத்தோ தி சிப்போல்லே’. வெங்காயத்தைத் தண்ணீர் சேர்க்காமல் மெதுவாக வேகவிட்டு, அதிலிருந்து இறங்கும் சாற்றை மட்டும் எடுக்கிறார்கள். அதில் பட்டன் அளவுக்குச் சின்னப் பாஸ்தா, உள்ளே பார்மிஜானோ பாலாடைக்கட்டி, மேலே வறுத்த குங்குமப்பூ. அப்ரூட்சோவில் நவெல்லி சமவெளிக் குங்குமப்பூ பேர் போனது. நாம் தினமும் வெங்காயத்தை வதக்கித்தான் சமையலை ஆரம்பிக்கிறோம்; அப்புறம் அதை மறந்துவிடுகிறோம். இங்கே ஆரம்பமும் முடிவும் அதுதான். தெளிந்த ரசம் போல இருந்தது, இனிப்பு, அடியில் லேசான கசப்பு. என் மனைவி இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

இன்னொன்று, ரொட்டியை மட்டும் தனித் தட்டில், ஒரு முழு வரிசையாகவே பரிமாறுகிறார்கள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல். முதலில் புரியவில்லை. மேலோடு உடையும் சத்தம் கேட்டதும் புரிந்தது.

தட்டுகளில் அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். பூ இருக்காது, கோடு போட்ட சாஸ் இருக்காது. படம் எடுத்து அனுப்பினால் வீட்டில் ‘இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க’ என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு அதுவரை சாப்பிட்டதில் அதுதான் உயர்ந்தது.

* * *

இரண்டு பதிவும் அருமை. எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி, மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஹோட்டலின் பெயர் வேண்டாம். வட இத்தாலியில், பியெமோந்தே பகுதியில் ஆல்பா ஊரை ஒட்டிய லாங்கே குன்றுகளில், சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு சின்ன விடுதி. அக்டோபர், மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானான வெள்ளை ட்ரஃபிளின் காலம். வழி தவறி நாங்கள் போய்ச் சேர இரவு 9.45. சமையலறை மூடிவிட்டது. சரி, நாளை இரவு சாப்பிடலாம் என்றால் அடுத்த இரண்டு நாளும் உணவகத்துக்கு வார விடுமுறை! அறை பதிவு செய்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. பையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம், அம்மாவும் கூட வந்திருந்தார். எழுபது வயது அம்மாவைப் பசியோடு படுக்க வைத்தது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் மதியம் கிராமத்தில் வேறொரு சின்னக் கடையில் தாயரின் கிடைத்தது. நிறைய முட்டை மஞ்சள் கரு போட்டுப் பிசைந்த, இடியாப்பம் போல மெல்லிய பாஸ்தா. வெண்ணெய் மட்டும் போட்டு, மேலே ட்ரஃபிளைச் சீவித் தந்தார்கள். அம்மாவுக்கு ட்ரஃபிள் வாசனை பிடிக்கவில்லை, தாயரின் ரொம்பப் பிடித்தது.

அக்கா, ஒரு கேள்வி. அடுத்த முறை மாமியாரும் வருகிறார், அவர் கண்டிப்பான சைவம், முட்டையும் கிடையாது. அங்கே எப்படிச் சொல்வது?

* * *

அம்மாவைப் பற்றிப் படித்தது வருத்தமாக இருந்தது. நீங்கள் செய்தது தவறே இல்லை, அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அறையைப் பதிவு செய்தால் மேசையும் பதிவாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். இத்தாலியில் அது வேறு, இது வேறு. எந்தக் கிழமை மூடுகிறார்கள், கடைசியாக எத்தனை மணிக்குள் உட்கார வேண்டும் என்று இரண்டையும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் தங்கும் வரி என்று ஆளுக்கு ஒரு தொகை அறை வாடகைக்கு மேல் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மாமியாருக்கு: ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள், சட்டமே அப்படி. சொரெண்டோ பக்கத்து மலையில் செய்யும் புரொவொலோனே தெல் மொனாக்கோ பாலாடைக்கட்டியிலும் விலங்கு உறைபொருள்தான். பல சைவர்கள் இது தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ரிசோத்தோ என்ற அரிசி உணவை இறைச்சி வடிநீரில் வேகவைப்பதும் உண்டு, காய்கறிப் பொரியலில் நெத்திலி கரைந்திருப்பதும் உண்டு. தெற்கில் முட்டை இல்லாத உலர் பாஸ்தா எளிதாகக் கிடைக்கும், வடக்கில் புதுப் பாஸ்தா என்றால் பெரும்பாலும் முட்டை இருக்கும். அதனால் மாமியாரோடு போகும்போது தெற்குப் பக்கம் போவது நல்லது.

ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, சென்ட்சா ஊவோவா, சென்ட்சா ப்ரோதோ தி கார்னே, சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ.’ இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வடிநீர், பாலாடைக்கட்டி எதுவும் வேண்டாம் என்று பொருள். முன்பதிவின்போதே இதை அனுப்பிவிட்டு, போனதும் பரிமாறுபவரிடம் இன்னொரு முறை காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது அவர் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டு வந்து, ஒவ்வொரு தட்டாக என் கணவரிடம் விளக்கினார்.